உடம்பு அளவு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

மைதானத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. மற்றபடி குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன். உன் இடுப்புவலி எப்படி? தையல் யூனிட்டில் சாய்மானம் உள்ள நாற்காலி கொடுத்தார்களா, இல்லை இன்னும் அந்த ஸ்டூல்தானா?

நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். உன் மகள் வாண்டு எண்ணூறு மீட்டரில் என் விடுதிப் பெண்கள் அத்தனை பேரையும் பின்னால் தள்ளிவிட்டாள். ஏப்ரலில் தேசியப் போட்டி. தேர்வுக் குழு அவளைக் குறித்து வைத்திருக்கிறது. பதினேழு வயதில் இந்த இடத்துக்கு வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வம்பு எல்லாம் உடுப்பில்தான். நீ தைத்துக் கொடுத்த பனியனையும் அரைக்கால் சட்டையையும் போட்டுக்கொண்டு ஓட நின்றாள். மற்றவர்கள் கழுத்திலிருந்து தொடை வரை ஒரே துண்டாக, உடம்போடு ஒட்டிய சூட். இவள் சட்டை மட்டும் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. குழுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "என்ன கோச், பொண்ணு ஓட வந்திருக்கா, பட்டம் விட வந்திருக்கா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் ஓடிய காலம் உனக்கு நினைவிருக்கும். அப்பாவின் பழைய பேண்ட்டை வெட்டி நீ தைத்த டவுசர், முட்டி வரை தொங்கும். ஒரு பந்தயத்தில் நாடா அவிழ்ந்து, ஒரு கையால் டவுசரைப் பிடித்துக்கொண்டே ஓடி மூன்றாவதாக வந்தேனே. அதன் பிறகு நைலான் வந்தது, நீளம் குறைந்தது. அப்புறம் ஓட்டை ஓட்டையான பனியன். இப்போது ஒரு மடிப்பு காற்றை எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். நான் டவுசரைப் பிடித்துக்கொண்டு ஓடியதைச் சொன்னால் இங்கே யாரும் நம்பமாட்டார்கள்.

உங்கள் யூனிட்டில் இந்தச் சூட்டைத்தானே மூட்டை மூட்டையாகத் தைத்து அனுப்புகிறீர்கள்? இவளுக்கு ஒன்று உன் கையால் ஆகுமா? கேட்டு எழுது.

பிரியமுள்ள தம்பி


ஜனவரி 24

அன்புத் தம்பிக்கு,

நாற்காலி வரவில்லை. ஸ்டூலும் நானும் பழகிவிட்டோம், பிரிய மனசில்லை. நீ வெந்நீர் குடி, கத்துவதைக் குறை. நீ கத்துவதால் யாரும் வேகமாக ஓடப்போவதில்லை.

சேதியைப் படித்துவிட்டு மேஷினில் கை ஓடவில்லை. எங்கள் வரிசையில் நான் தைப்பது இடது கால் மட்டும்தான். நாள் முழுக்க இடது கால், இடது கால். வலது கால் பக்கத்து மேஷின்காரிக்கு. முழுச் சூட்டை ஒருத்தியே தைத்து நான் இங்கே பார்த்ததில்லை. ஆனாலும் கட்டிங் மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். மனிதர் முசுடு, இருந்தாலும் என் மகளுக்கு என்றதும் வெட்டி மிஞ்சிய துணியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மதியச் சாப்பாட்டு வேளையில் மேஷினையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார்.

உன் டவுசர் கதையைச் சொன்னாய். என் கதையை நீ எழுதவில்லை. நானும் உன்னைவிட மோசமாக ஓடியவள் இல்லை. கணுக்கால் வரை பேண்ட், முழுக்கைச் சட்டை, அதோடு ஓடியே பள்ளியில் முதலாக வந்தேன். அடுத்த வருஷம் அரைக்கால் சட்டை போட்டால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள், போட்டுக்கொண்டு நின்றேன். அப்பா மைதானத்து வாசலில் துண்டோடு வந்து நின்றார். "வீட்டுக்கு வா" என்று ஒரே வார்த்தை. அந்தத் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு தெருவில் நடந்து வந்தேன், அதன் பிறகு ஓடவே இல்லை. வாண்டு பிறந்தபோதே முடிவு செய்துவிட்டேன், உடுப்பைச் சொல்லி இவளை ஒரு நாளும் நிறுத்த மாட்டேன் என்று. அவள் எதைப் போட்டுக்கொண்டு ஓடினாலும் நான் தைத்துக் கொடுப்பேன்.

அளவு எடுத்து அனுப்பு. ஒன்றைத் தெரிந்துகொள், இது இழுத்தால் நீளும் துணி. சாதாரணச் சட்டைக்கு உடம்பு அளவைவிடக் கொஞ்சம் கூட்டி வெட்டுவோம். இதற்கு உடம்பு அளவில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து வெட்ட வேண்டும். அப்போதுதான் போட்ட பிறகு நீண்டு உடம்பைப் பிடிக்கும். கழிக்காமல் வெட்டினால் சாக்குப் பை.

இன்னொன்று. வாண்டு மாதாமாதம் ஒழுங்காக விலக்காகி உட்காருகிறாளா என்று விடுதி அம்மாவிடம் கேட்டு எழுது. அவளைக் கேட்டால் எனக்கு ஒழுங்காகப் பதில் வராது. அவள் அப்பா போன பிறகு எனக்கு இதையெல்லாம் கேட்க உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

உன் பதிலை எதிர்பார்க்கும் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. தொண்டை சரியாகிவிட்டது. முகாம் தொடங்கிவிட்டதால் மூச்சுவிட நேரமில்லை. உன் இடுப்புக்குத் தைலம் ஒன்று அனுப்பியிருக்கிறேன், சூடாக்கித் தேய்.

வாண்டு பறக்கிறாள். போன மாதத்தைவிட மூன்று விநாடி குறைத்துவிட்டாள். மூன்று விநாடி என்றால் சாதாரணம் இல்லை அக்கா, அதற்கு நான் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன். முகாமில் இப்போது காலையில் எல்லோரையும் எடை பார்த்துப் பலகையில் எழுதுகிறார்கள். இரவல் சூட் ஒன்றில் இவளை ஓடவைத்துப் பார்த்தார் குழுத் தலைவர். "இதுல எதையும் ஒளிக்க முடியாது பாரு. வயித்துல ஒரு மடிப்பு தெரிஞ்சா அது அரை விநாடி" என்றார். வாண்டு கெட்டிக்காரி, ஒரு தடவை சொன்னால் போதும். இப்போது பலகையில் அவள் எண்தான் எல்லாவற்றுக்கும் கீழே. மற்ற பெண்களுக்கு அவளைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

பத்திரிகையில் அவள் படம் வந்தது, வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய தின்பண்ட டப்பாவும் வந்தது. அப்படியே தோழிகளுக்குப் பங்கு போட்டுவிட்டாள், பெரிய மனசு.

அளவுச் சீட்டு உள்ளே இருக்கிறது. இடுப்பு இருபத்திரண்டு அங்குலம். மற்றவை சீட்டில். சீக்கிரம் தைத்து அனுப்பு.

பிரியமுள்ள தம்பி


மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

தைலம் நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் வாசத்துக்குப் பக்கத்து மேஷின்காரி இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். வலது காலும் இடது காலும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

சூட் இந்தப் பார்சலில் இருக்கிறது. இடது கால், வலது கால், கழுத்து, முதுகு எல்லாம் நானே. தையல் உள்பக்கம் உறுத்தாமல் தட்டையாகப் போட்டிருக்கிறேன். கட்டிங் மாஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், குறை ஒன்றும் சொல்லவில்லை. அவர் பாராட்டுவது அப்படித்தான்.

சீட்டைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் பகீரென்றது. இருபத்திரண்டா என்று. அப்புறம்தான் புரிந்தது, நான் சொன்னபடி பத்தில் ஒரு பங்கை நீயே கழித்து அனுப்பியிருக்கிறாய். கழித்ததைக் கூட்டிப் பார்த்தேன். இருபத்து நாலரை. வீட்டைவிட்டுக் கிளம்பியபோது இருந்த அதே இடுப்பு. அப்பாடா என்று இருந்தது. நீ சொன்ன பேச்சைக் கேட்டதே உலக அதிசயம்தான். அதனால் நான் மறுபடி கழிக்காமல் சீட்டில் இருந்தபடியே வெட்டினேன்.

படத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருக்கிறது. கழுத்தெலும்பு தெரிகிறது. பத்திரிகை மை அப்படிக் காட்டுகிறதோ என்னவோ. கேட்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அப்பா துண்டோடு நின்றது நினைவுக்கு வந்தது. இவள் ஓடட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

போன கடிதத்தில் மாதக் கணக்கைக் கேட்டிருந்தேன், நீ எழுதவில்லை. கூச்சப்படாதே. நீ அவளுக்குத் தாய்மாமன். விடுதி அம்மாவை எழுதச் சொன்னாலும் சரி.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் யூனிட்டில் இடது காலும் வலது காலும் சமாதானமாகியிருப்பார்கள் என்று நம்புகிறேன். நாளை மறுநாள் போட்டி நடக்கும் ஊருக்குக் கிளம்புகிறோம். வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

சூட்டின் தையலைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஆனால் அக்கா, ஒரு சின்னச் சறுக்கல். போட்டுப் பார்த்தால் தொளதொள என்று இருக்கிறது. இடுப்பிலும் தொடையிலும் மடிப்பு விழுகிறது. நான் எழுதியது உடம்பு அளவு. நீ சொன்னபடி அளவெடுக்க இஞ்ச் டேப்பை விடுதி அம்மாவிடம் கொடுத்தேன், உடம்போடு வைத்து எடுத்து அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். கழிப்பது உன் வேலை என்று விட்டுவிட்டேன். கைதேர்ந்த தையற்காரிக்கே கணக்குப் பிசகிவிட்டது என்று வாண்டுவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சின்னதா தைக்கச் சொல்லுங்க மாமா" என்றாள்.

இனித் தைக்க நேரம் இல்லை. இங்கே உள்ள தையற்காரரிடம் கொடுத்துப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக்கொண்டேன். கவலைப்படாதே. தொடையில் ஒரு பிடிப்பு இருக்கிறது என்கிறாள், பட்டை கட்டியிருக்கிறேன். ஓட்டக்காரிகளுக்கு இதெல்லாம் சகஜம். வெற்றியோடு எழுதுகிறேன்.

பிரியமுள்ள தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. உன் கடிதத்தை மேஷினில் உட்கார்ந்தபடியே படித்தேன்.

எனக்குக் கணக்குப் பிசகவில்லை. நீ கழித்துவிட்டாய் என்று நினைத்து அப்படியே வெட்டினேன். அப்படியானால் இருபத்திரண்டு என்பது அவள் உடம்பு. அதுவும் நீ சீட்டு அனுப்பிய நாளின் உடம்பு. இப்போது அந்தத் துணி அவள் மேல் தொங்குகிறது என்கிறாய், பிடித்துத் தைத்தேன் என்கிறாய். அவளுக்குப் பத்து வயதில் பள்ளிச் சீருடைக்கு நான் அளவெடுத்தபோது இடுப்பு இருபத்திரண்டு. தினமும் பக்கத்தில் நின்று பார்க்கிறவன் நீ. உனக்குத் தெரியவில்லையா?

யூனிட் அலுவலகத்திலிருந்து விடுதிக்கு ஃபோன் போட்டேன். எல்லோரும் போய்விட்டார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். மைதானத்தின் பெயரை வாங்கிக்கொண்டேன். சாயங்கால ரயிலில் கிளம்புகிறேன். இதை மைதான அலுவலகத்துக்கு விரைவுத் தபாலில் போடுகிறேன். நான் முன்னால் வந்தாலும் சரி, இது முன்னால் வந்தாலும் சரி, அவளை ஓட விடாதே. காலில் பிடிப்பு என்று சொல்லி நிறுத்து. என் பேரைச் சொல்லி நிறுத்து.

இரண்டு தடவை உன்னை ஒன்று கேட்டேன். இரண்டு தடவையும் நீ பதில் எழுதவில்லை. அப்போதே நான் கிளம்பியிருக்க வேண்டும்.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாண்டு எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது பெட்டியைத் தூக்கக் கை நீட்டினேன், நீயே தூக்கிக்கொண்டாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உன் விரைவுத் தபால் ஓட்டம் முடிந்த மறுநாள் என் கைக்கு வந்தது. முன்னாலேயே வந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிறுத்தியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. உன்னிடம் இதை மறைக்க விரும்பவில்லை.

நீ வருவதற்குள் நடந்ததை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் சுற்றில் அவள்தான் முன்னால். இரண்டாம் சுற்றில் வளைவு திரும்பும்போது ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த குச்சி ஒடிந்த மாதிரி. யாரோ மோதிவிட்டார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் யாருமே இல்லை. தொடையெலும்பு தானாக முறிந்திருக்கிறது. விழுந்த பிறகும் கைகளை ஊன்றிக் கோடு வரை போகப் பார்த்தாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தபோது முதலில் கேட்டது, "நேரம் எவ்ளோ மாமா?" என்றுதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சூட்டைக் கத்திரியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது நீ வந்து வாசலில் நின்றாய். நீ பார்த்ததை நானும் அப்போதுதான் பார்த்தேன். விலா ஒவ்வொன்றும் தெரிந்தது. இரண்டு மாதமாக அந்த மாதிரி உடுப்புக்குள் எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. மடிப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் நாங்கள் பார்த்தோம்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். அவளுக்கு மாதவிலக்கு நின்று எட்டு மாதம். விடுதி அம்மா அப்போதே என்னிடம் வந்து சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன் அக்கா. அது நின்றால் பெண் பந்தயத்துக்குத் தயார் என்று என் கோச் சொன்னார், அவருக்கு அவர் கோச் சொன்னார். ஆம்பளைகள் நாங்களாகச் சொல்லி நாங்களாக நம்பிக்கொண்டது. அதை உனக்கு எழுதினால் நீ கிளம்பி வந்துவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் எழுதவில்லை. கூச்சம் ஒன்றும் இல்லை.

ஒரு வரி எழுது. அவள் சாப்பிடுகிறாளா என்று மட்டும்.

தம்பி


ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் வாண்டுவும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். ஜூனில் எழுதியதற்குப் பதில் இல்லை. குறை சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

இதை எழுத மூன்று நாளாகத் தயங்கினேன். நான் மறுத்தால் வேறு யாராவது உனக்கு எழுதுவார்கள், அதைவிட நானே எழுதுவது மேல் என்று எழுதுகிறேன். வாண்டுவின் இடத்துக்குப் புதுப் பெண் ஒருத்தியை எடுத்திருக்கிறார்கள். பதினாறு வயது. அக்டோபரில் போட்டி. உன் தையலை மறக்காத குழுத் தலைவர், "உங்க அக்காகிட்டயே சொல்லுங்க கோச், அது மாதிரி யாரும் தைக்கிறதில்ல" என்றார். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். என் வேலை அவர் கையில் இருக்கிறது.

அளவுச் சீட்டை வைத்திருக்கிறேன். இந்தத் தடவை குழப்பம் வேண்டாம், எதையும் கழிக்கவில்லை. இது உடம்பு அளவு. இந்தப் பெண்ணும் கெட்டிக்காரி. வந்து ஒன்றரை மாதத்தில் நன்றாக இளைத்துவிட்டாள்.

உன் மனசு ஒப்பினால் தைத்து அனுப்பு. இல்லை என்றால் கிழித்துப் போடு.

தம்பி


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். அவளும் இருக்கிறாள். தொடையெலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள், ஊன்றுகோலோடு பின்னறைக்கும் முன்னறைக்கும் நடக்கிறாள். எழுபது வயதுக்காரியின் எலும்பு என்று டாக்டர் சொன்னார். ஓட்டத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சாப்பிடுகிறாளா என்று கேட்டிருந்தாய். தட்டு வைத்தால் என் முகத்துக்காகக் கொஞ்சம் வாயில் போடுகிறாள். மீதியைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள், நேற்றுதான் கண்டுபிடித்தேன். எறும்பு வந்து காட்டிக்கொடுத்தது. நான் சத்தம் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டுப் போட்ட காலைத் தொட்டுக் காட்டி, "குண்டாயிட்டேனாம்மா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள், அதற்காக இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள். இப்படித்தான் நாள் போகிறது. வேலையை அரை நாளாக்கிக்கொண்டேன். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பக்கத்து மேஷின்காரி தன் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்து துணைக்கு இருக்கிறாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது, அது போகும் என்றும் தோன்றவில்லை. என்மேலும் இருக்கிறது. இருபத்திரண்டு என்று பார்த்ததும் பகீரென்றதே, அந்தப் பயத்தை நம்பாமல் கணக்கை நம்பினேன். அவளை நிறுத்தக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் இருந்தேன். நிறுத்தியிருந்தால் என்னை வெறுத்திருப்பாள், அவ்வளவுதானே. வெறுத்துக்கொண்டு நடமாடியிருப்பாள்.

புதுப் பெண்ணின் சீட்டைப் பார்த்தேன். இடுப்பையும் தொடையையும் படித்தேன், வாண்டுவின் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீ அதைக் கெட்டிக்காரத்தனம் என்று எழுதுகிறாய். உனக்கு இன்னும் கண் திறக்கவில்லை. உன் வேலை அவர் கையில் இருக்கலாம், அந்தப் பெண்ணின் உயிர் உங்கள் எல்லோர் கையிலும் இருக்கிறது.

நான் தைக்க மாட்டேன். சீட்டைக் கிழிக்கவும் மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு அம்மாவோ அப்பாவோ யாராவது இருப்பார்கள். அவர்கள் வீட்டு முகவரியை எனக்கு எழுது. கடிதம் போடப்போவதில்லை, சீட்டை எடுத்துக்கொண்டு நேரில் போகிறேன். நீ எழுதாவிட்டால் விடுதி வாசலில் வந்து நின்று அந்தப் பெண்ணிடமே கேட்டுக்கொள்வேன்.

அவளை அக்டோபரில் எந்தத் தேதியில் ஓடவிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுது. இந்தத் தடவை நான் முன்னாலேயே போய்ச் சேர வேண்டும்.

அக்கா